சமாதானமாகப் போகிறோம்

மார்ச் 3

தங்கச்சிக்கு,

பதினோரு மாதம் கழித்து எழுதுகிறேன். நீ வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் சிறை அலுவலர் படிப்பார். அவருக்கும் ஒரு வணக்கம்.

விஷயம் வாண்டு பற்றி. ஜூன் பன்னிரண்டாம் தேதி அவளுக்கு ஆறு வயது முடிகிறது. அதுவரைக்கும்தான் பிள்ளை அம்மாவோடு உள்ளே இருக்கலாமாம். அப்புறம் சொந்தக்காரர் யாராவது வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டும். இல்லையென்றால் காப்பகம். அவள் அப்பா வீட்டு ஆட்கள் "கொலைகாரி பெத்தது எங்களுக்கு வேண்டாம்" என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அண்ணனுக்கு மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. மிச்சம் நீதான். கெஞ்சிக் கேட்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை. கெஞ்சியதாகவே வைத்துக்கொள்.

பதினெட்டுப் பேர் படுக்கிற அறையில் நாங்கள் நாற்பத்தொரு பேர். வார்டர் தினமும் தலை எண்ணும்போது வாண்டுவும் கூடவே எண்ணுவாள். நாற்பத்தொன்று வரை தப்பில்லாமல் சொல்வாள். அதற்கு மேலும் எண்கள் உண்டு என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

வாய்தாவுக்குப் போகிற நாள்களில் முதல்நாள் சாயங்காலத்திலிருந்தே நாங்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. கோர்ட்டில் எங்களை அடைத்து வைக்கும் அறைக்குப் பக்கத்திலேயே கழிப்பறை இருக்கிறது. பூட்டிக் கிடக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டுகிறார்கள். நீ அதே கட்டடத்தில் மாடியில் உட்கார்ந்து டைப் அடிக்கிறவள், உனக்குத் தெரிந்திருக்கும்.

மாடி ஜன்னலில் நீ நிற்பதை நான்கு தடவை பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு இது நான்காவது. ஆபீஸ் முகவரிக்கு அனுப்பியது நல்லதாயிற்று.

ஆமாம், ஜன்னலில் நின்றது நான்தான். உன் வேன் பின்பக்க கேட்டில் வந்து நிற்கும் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். கீழே இறங்கி வர வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் எழுந்திருப்பேன். படிக்கட்டு வரைக்கும்கூட வந்திருக்கிறேன். கொலை கேசில் இருக்கிறவளுடைய தங்கை என்று சக ஊழியர்கள் பலருக்கு இன்னும் தெரியாது. இதை எழுதவே கூசுகிறது.

வாண்டு விஷயத்தை வீட்டில் அவரிடம் மெல்ல எடுத்துப் பார்த்தேன். "உங்க அக்கா பொண்ணை இங்க கொண்டுவந்து வெச்சா, நாளைக்கு நம்ம பசங்களுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்றார். மூத்தவனுக்கே ஒன்பது வயதுதான் ஆகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விதிமுறைகளில் வேறு வழி இருக்கிறதா என்று விசாரிக்கிறேன். கொஞ்சம் அவகாசம் கொடு.

சாவியைப் பற்றி நாசரிடம், அதாவது கட்டடப் பராமரிப்பைப் பார்க்கிற எங்கள் அலுவலரிடம், பேசுகிறேன். உன் கழுத்து வலி இப்போது எப்படி இருக்கிறது?

உன் தங்கை

மார்ச் 24

தங்கச்சிக்கு,

கழுத்து வலி சரியாகிவிட்டது. நெரித்தவர்தான் இல்லையே.

அவகாசம் கேட்கிறாய். கேஸ் கட்டின் நகல் போன வாரம் என் கைக்கு வந்தது. இலவச சட்ட உதவியில் ஒரு சின்ன வயசு வக்கீல் பெண்ணை அமர்த்தியிருக்கிறார்கள். பேசும்போது நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பெண். அவள் பதினாலாவது தாளை எடுத்து, "இது நீங்க குடுத்ததாம்மா?" என்று கேட்டாள். பார்த்தவுடன் தெரிந்தது, எழுத்து உன்னுடையது.

"நாங்கள் இருவரும் சமாதானமாகப் போகிறோம். என் கணவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. கோபத்தில் பொய்யாகப் புகார் சொல்லிவிட்டேன்."

கீழே என் கையெழுத்து. அதை நான் சொல்லவில்லை, நீ எழுதினாய். தாடை வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் ஸ்டேஷன் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். நீ நீட்டினாய், போட்டேன். நீ படித்தவள், கோர்ட்டில் வேலை பார்க்கிறவள், எனக்குக் கெடுதலா எழுதப்போகிறாய் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் உன் வீட்டில் இரண்டு நாள் இருந்தேனே, மூன்றாம் நாள் காலையில் "அத்தான் தேடுவாரே அக்கா" என்றாய் பார், அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அதற்கு எட்டு மாதம் கழித்து, ஸ்கூல் யூனிபார்ம் தைத்து மடித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில் அவர் என் கழுத்தைப் பிடித்தார். கைக்கு எட்டியது இஸ்திரிப் பெட்டி. ஒரே அடி. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தார். அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு மூச்சு வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"ஒருநாளும் அடித்ததில்லை" என்று அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள், ஆகவே இது திட்டமிட்ட கொலை. அரசு வக்கீலின் வாதம் அவ்வளவுதான். அதற்கு அவருக்கு வேறு சாட்சி எதற்கு?

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இருக்கிறது. நிறைய இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸ் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். வெளியே வர அரைமணி நேரம் ஆயிற்று.

அன்றைக்கு ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். "கோர்ட்ல வேலை பாக்குறீங்க, உங்களுக்குத் தெரியாததா? கேஸ் போட்டா ரெண்டு குடும்பமும் நாறிடும். ஸ்டேஷன் ரைட்டர் லீவு. நீங்களே அழகா எழுதுங்கம்மா" என்றார். முதலில் நான் "இனிமேல் அடிக்க மாட்டேன் என்று கணவர் உறுதி அளித்ததால்" என்றுதான் எழுதினேன். அவர் படித்துவிட்டுத் தாளைக் கிழித்தார். "இப்படி எழுதினா அடிச்சான்னு ஆயிடுமே. அப்புறம் நான் ஏன் கேஸ் போடலைன்னு என்னைக் கேப்பாங்க." அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, நான் எழுதினேன்.

பதினாலு வருடமாக யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே தட்டச்சு செய்து பழகிய கை, அக்கா. அதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. பயந்தேன். உன்னைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு என் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அதுதான் உண்மை.

வாண்டுவை அழைத்துப் போக ஜூன் பன்னிரண்டாம் தேதி வருகிறேன். வீட்டில் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். நான்கு நாளாகப் பேச்சு இல்லை. பேச்சு இல்லாமலும் வீடு நடக்கத்தான் செய்கிறது.

கழிப்பறைச் சாவி கிடைத்துவிட்டது. கேட்டதும் நாசர், "அது லேடீஸ் டாய்லெட்டா? ஸ்டோர் ரூம்னு நினைச்சேன்" என்றார். உள்ளே உடைந்த நாற்காலிகள். நானும் துப்புரவு வேலை பார்க்கிற அம்மாவும் இரண்டு மாலை நின்று காலி செய்தோம். குழாயில் தண்ணீர் வருகிறது. சாவி இனி அந்த அம்மாவிடம் இருக்கும்.

உன் தங்கை

ஜூன் 25

அக்கா,

வாண்டு நன்றாக இருக்கிறாள். இதைத்தான் நீ முதலில் தேடுவாய் என்று முதலில் எழுதுகிறேன்.

வந்த அன்று வீட்டுக்குள் கதவுக்குக் கதவு நின்றாள். யாராவது திறந்துவிடட்டும் என்று காத்திருக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நீயே திறக்கலாம்டா" என்றேன். தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இப்போது பிடித்துக்கொண்டாள். நாள் முழுக்கத் திறந்து திறந்து மூடுகிறாள். என் சின்னவனும் அவளோடு சேர்ந்துகொண்டான். கதவின் கீல் போய்விடும் என்று அவர் முணுமுணுத்தார். பேச ஆரம்பித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் முதல்நாள். கேட்டில் ஒரு டீச்சர் பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். வாண்டு அவர் முன்னால் போய் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடா கண்ணு, தூக்கணுமா?" என்று தூக்கிக்கொண்டார். எனக்குப் புரிந்தது, சோதனை போடட்டும் என்று நிற்கிறாள்.

வக்கீல் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். அந்தச் சமாதானக் கடிதத்தை எழுதியது நான் என்றும், எப்படி எழுதப்பட்டது என்றும் நான் சாட்சி சொன்னால் கேசின் முகமே மாறும் என்கிறாள். "உங்க வேலைக்கு ஆபத்து வரலாம். நீதிமன்ற ஊழியர் பொய்யா ஒரு ஆவணம் எழுதினேன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். யோசித்துவிட்டேன்.

உன் தங்கை

ஜூலை 3

தங்கச்சிக்கு,

டீச்சர் தூக்கிக்கொண்டாரா? அந்த டீச்சர் நன்றாக இருக்கட்டும். அந்தப் பக்கத்தை மட்டும் இங்கே எல்லோரும் கேட்டு வாங்கிப் படித்தார்கள்.

போன வாய்தாவுக்கு வந்தபோது கழிப்பறை திறந்திருந்தது. ஒன்பது பேர் வரிசையில் நின்றோம். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு ஒரு பெண் எங்களோடு வருகிறாள். அவள் குழாயடியில் குனிந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "உங்க தங்கச்சி பெரிய ஆபீசரா அக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். இருந்துவிட்டுப் போ.

சாட்சி சொல்ல வராதே. வாண்டு உள்ளே இருந்தவரைக்கும் உன்னைக் கூண்டில் ஏற்றி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் எனக்கு வெறி. இப்போது அவள் உன் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறாள். உனக்கு வேலை போனால் உன் வீட்டுக்காரர் முதலில் யாரை வெளியே அனுப்புவார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கழுத்து ஒருவிதமாகத் தப்பிவிட்டது. அவளைப் பார்த்துக்கொள்.

அவள் படுத்த இடத்தில் இப்போது வேறொருத்தி படுக்கிறாள். இடம் காலியாக ஒருநாள்கூட இருக்கவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 8

அக்கா,

கூண்டில் நான் நின்றபோது நீ தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாய். கோபமா அழுகையா என்று மேலேயிருந்து தெரியவில்லை. நீ சொன்னதைக் கேட்காமல் வந்துவிட்டேன், மன்னித்துவிடு. ஒரு தடவையாவது என் வாயால் சொல்லாவிட்டால் வாண்டு முகத்தைப் பார்க்க முடியாது என்று இருந்தது.

ஆனால் என்ன பதிவாயிற்று என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நகல் பிரிவில் போய் வாங்கிப் பார்த்தேன்.

நான் இருபது நிமிடம் பேசினேன். இன்ஸ்பெக்டர் முதல் தாளைக் கிழித்ததைச் சொன்னேன். உன் தாடை வீங்கியிருந்ததைச் சொன்னேன். அதற்கு முன்னால் மூன்று தடவை நீ தனியாக ஸ்டேஷனுக்குப் போய், "புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் இங்க வராதே" என்று திருப்பி அனுப்பப்பட்டதைச் சொன்னேன். நீதிபதி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. சாப்பாட்டு வேளை நெருங்கிவிட்டது, இன்னும் ஆறு கேஸ் இருந்தது. நான் சொல்லி முடித்ததும் டைப்பிஸ்டிடம் திரும்பிச் சுருக்கிச் சொன்னார். பக்கத்து மேஜையில் என்னோடு ஏழு வருடம் வேலை பார்த்த பெண்தான் அடித்தாள்.

"கடிதத்தை எழுதியது நான்தான். காவல் ஆய்வாளர் கேட்டுக்கொண்டதால் எழுதினேன். என் அக்கா அதில் கையெழுத்திட்டார்."

மூன்று வாக்கியம். அப்புறம் அரசு வக்கீல் எழுந்தார். "உங்க அக்கா பொண்ணு இப்ப யார் வீட்டுல இருக்கா?" என்றார். "என் வீட்டில்" என்றேன். "அப்ப அக்கா வெளிய வரணும்னு உங்களுக்கு ஆசை இருக்கும்ல?" இருக்கிறது என்றேன். அது மட்டும் நான் சொன்னபடியே பதிவாகியிருக்கிறது.

எத்தனை பெண்களுடைய சாட்சியத்தை நான் இப்படி அடித்திருப்பேன், அக்கா. அழுதுகொண்டே கால்மணி நேரம் பேசுவார்கள். "சாட்சிக்குச் சரியாக நினைவில்லை" என்று நீதிபதி சொல்வார். நான் முற்றுப்புள்ளி வைப்பேன். ஒருநாளும் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை.

உன் தங்கை

செப்டம்பர் 19

தங்கச்சிக்கு,

பத்து வருடம். திட்டமிட்ட கொலை இல்லையாம், ஆனாலும் பத்து வருடம். இது நமக்கு வெற்றிதான் என்று வக்கீல் பெண் சொன்னாள். சொல்லும்போது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான்தான் அவளைத் தேற்றினேன்.

தீர்ப்பில் ஒரு இடம் என்னை விட மாட்டேன் என்கிறது. "பல ஆண்டுகள் துன்புறுத்தப்பட்டதாகக் கூறும் இவர், ஒருமுறைகூட எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கவில்லை." நாலு தடவை போனேன். நாலு தடவையும் எழுதிக்கொள்ள மறுத்தவர்கள் அவர்கள். எழுதிக்கொள்ளவில்லை என்பதே எனக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. அந்த இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வு வந்திருப்பதாக எங்கள் வார்டர் சொன்னார்.

அடுத்த வாரம் என்னைத் தூரத்து ஜெயிலுக்கு மாற்றுகிறார்கள். ரயிலில் ஒரு பகல் பயணமாம். பத்து வருடம் என்று வாண்டுவிடம் சொல்லாதே. அவளுக்கு எண் தெரியும்.

கூண்டில் நீ நின்றபோது நான் தலை குனிந்திருந்தது கோபத்தால் இல்லை. உன் குரல் அப்படியே அம்மா குரல். நிமிர்ந்தால் உடைந்துவிடுவேன் என்று இருந்தது.

அக்கா

அக்டோபர் 11

அக்கா,

புது இடத்து முகவரி இதுதான் என்று வக்கீல் சொன்னதை நம்பி எழுதுகிறேன்.

என்னைத் தற்காலிகமாக வேலை நீக்கம் செய்துவிட்டார்கள். விசாரணை நடக்கிறது. நேற்று விசாரணை அதிகாரி தனியே கூப்பிட்டு உட்கார வைத்தார், டீ வரவழைத்தார். "இதை வளர்க்க வேண்டாம்மா. அக்கா மேல உள்ள பாசத்துல கோர்ட்ல அப்படிச் சொல்லிட்டேன், ஸ்டேஷன்ல யாரும் என்னைக் கட்டாயப்படுத்தலை, வருந்துறேன்னு ஒரு விளக்கம் எழுதிக் குடுங்க. ஒரு எச்சரிக்கையோட முடிச்சிடுறேன்" என்றார். எழுதாவிட்டால் நிரந்தரமாக வேலை போகும்.

வக்கீல் பெண்ணிடம் கேட்டேன். கேஸ் கட்டை எடுத்து என் சாட்சியம் இருக்கிற பக்கத்தைத் திருப்பினாள். அப்புறம், "அப்பீல்ல நமக்கு இருக்கிற ஒரே பிடி உங்க சாட்சிதான். அந்த விளக்கம் வெளிய வந்தா அதுவும் போச்சு. ஆனா எழுதாதீங்கன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு?" என்றாள்.

வீட்டில் அவர் சத்தம் போடவில்லை. காப்பகத்தின் விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்து அலமாரியின் மேல் வைத்திருக்கிறார். வைத்திருக்கிறார், அவ்வளவுதான். வாண்டு கூட்டல் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

நான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. ஒரு தடவை செய்தது போதும்.

உன் தங்கை

அக்டோபர் 20

தங்கச்சிக்கு,

எழுதிக் கொடு.

வீம்புக்கு இது நேரமில்லை. அப்பீல் வர ஐந்து வருடமோ ஆறு வருடமோ ஆகும் என்று இங்கே பழைய ஆட்கள் சொல்கிறார்கள். வந்தாலும் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும். காப்பகத்தில் வளர்ந்த பெண் ஒருத்தி என் பக்கத்தில்தான் படுக்கிறாள், பத்தொன்பது வயது. அங்கே என்ன நடந்தது என்று சொன்னாள். அதை எழுதினால் இந்தக் கடிதத்தை வெளியே விட மாட்டார்கள்.

நான் பத்து வருடம் இருந்துவிட்டு வருவேன். என்னால் முடியும். இங்கேயும் தையல் பிரிவு இருக்கிறது, இங்கேயும் பொழுது போகும். வாண்டு ஒருநாள்கூட மறுபடி ஒரு கேட்டுக்குள் போகக் கூடாது. இது அக்காவாகச் சொல்கிறேன். எனக்காக நீ ஒன்று செய்ய வேண்டும் என்றால் இதுதான்.

அவர்கள் என்ன சொல்லச் சொல்கிறார்களோ அதை அப்படியே எழுது. யோசிக்காதே.

அக்கா

நவம்பர் 4

அக்கா,

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எட்டு வரி. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறேன். மாடியில் வேண்டாம் என்று கீழே பழைய கேஸ் கட்டுகள் வைக்கும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அலமாரியின் மேலிருந்த படிவம் இன்று காலையில் இல்லை.

வக்கீல் பெண்ணிடம் நானே போய்ச் சொன்னேன். தலையாட்டினாள். அப்பீலை எப்படியும் போடுவேன் என்றாள். மனு எண் கிடைத்ததும் உனக்கு எழுதுவாள்.

டிசம்பர் விடுமுறையில் வாண்டுவை அழைத்துக்கொண்டு வரட்டுமா? கேட்டுக்குள் போகக் கூடாது என்று எழுதியிருந்தாய். அவளோ "அம்மாவைப் பாக்க எப்ப போறோம் சித்தி?" என்று தினமும் கேட்கிறாள். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூடத் தெரியவில்லை.

உன் தங்கை

நவம்பர் 16

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. நல்ல காரியம் செய்தாய். மன்னிப்பெல்லாம் வேண்டாம், நான்தானே சொன்னேன்.

டிசம்பரில் வாண்டு வேண்டாம். நீ மட்டும் வா. அவள் படம் ஒன்று எடுத்து வா. நின்றபடி, முழுதாகத் தெரிகிற மாதிரி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடியும் ஒருதரம் படித்தேன். "எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்ற இடத்தில் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். நானே சொல்லிச் செய்ததுதான் என்றாலும், உள்ளே எங்கேயோ கொஞ்சமாவது பொங்கும், ஒரு மூலையில் போய் உட்கார்ந்து அழுவேன் என்று நினைத்தேன். இத்தனை மாதமும் என்னை எழுப்பி உட்கார வைத்தது அந்தக் கோபம்தான். தையல் மெஷினில் உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் காத்துப் பார்த்தேன்.

வரவில்லை.

அதுதான் பயமாக இருக்கிறது. சீக்கிரம் வா.

அக்கா